நிலாவுக்கு அளவெடுத்த கால்

நிமிடத்துக்கு மூன்று பூட்ஸ். பழனிமுத்து கம்பூட்ஸின் வாயில் ரப்பர் மூடியை அழுத்தி மாட்டி, காற்றுக் குழாயைச் சொருகி, முழங்கை நனைய அதைத் தொட்டிக்குள் அமுக்குவான். குமிழி வந்தால் ஓட்டை, இடப்பக்கத் தள்ளுவண்டி. வராவிட்டால் வலப்பக்கம். வலப்பக்க வண்டியில் விழுந்தவை துடைக்கப்பட்டு, பவுடர் தூவப்பட்டு, அவன் பெயர்கூடக் கேட்டிராத ஊர்களின் மீன் சந்தைகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் கப்பலேறும். இடப்பக்கம் விழுந்தவற்றில் ஜோடி சேர்கிறவற்றை மாதம் ஒருமுறை தொட்டிப் பிரிவு ஆட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அது கம்பெனியின் தொழிலாளர் நலத் திட்டம். நோட்டீஸ் போர்டில் படத்தோடு போட்டிருந்தது.

ஆகவே மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், தண்ணீர் புகும் என்று முறைப்படி சோதித்து உறுதிசெய்யப்பட்ட பூட்ஸை மாட்டிக்கொண்டு, தொட்டி வழிந்து தேங்கிய கணுக்காலளவு தண்ணீரில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். புகுந்த தண்ணீர் வெளியே வராது. அந்த விஷயத்தில் பூட்ஸ் தரமானதுதான்.

மூன்று வருடத்தில் பழனிமுத்துவின் கால்விரல் இடுக்குகள் வெளுத்து, ஊறிய அவல் மாதிரி ஆகிவிட்டன. பிறகு பிளந்தன. பிறகு நாற்றம் வந்தது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி டாக்டர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, 'கால்களை எப்போதும் உலர்வாக வைத்துக்கொள்ளவும்' என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் மறுநாளும் தொட்டியடியில் நின்றான்.

வலியை அவனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளிப்பான். மைசூர் அக்ரஹாரம் பகுதியில் இருக்கும் மனைவியின் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, செருப்பைக் கழற்றிய கையோடு பாயில் சம்மணம் போட்டு, பாதங்களைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தான். எழுந்தபோது கால் மரத்துப்போய் சுவரில் சாய்ந்தான். "மாப்பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம்" என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவனிடம்தான் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சூப்பர்வைசர் கெம்பையன் சொன்னார்: "மெஷின எல்லாம் நிறுத்துங்கப்பா. எல்லாரும் கால் அளவு குடுக்கணும்."

"எதுக்குங்? தசராவுக்குப் புதுச் செருப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"செருப்பு குடுக்கற மூஞ்சிங்களா இவங்க? நிலாவுல நடக்கறதுக்குப் பூட்ஸ் செய்யச் சொல்லி நம்ம கம்பெனிக்கு ஆர்டர் வந்திருக்கு. சாம்பிள்தான். போட்டு நடந்து பாக்க, போறவனோட கால் மாதிரியே ஒரு கால் வேணுமாம்."

"அவரையே கூப்புட்டு நடக்கச் சொல்லலாமுல்லோ?"

"அவன் யாருன்னே வெளிய சொல்ல மாட்டாங்க. காலோட அளவு மட்டும்தான் வந்திருக்கு."

ஒட்டும் பிரிவு வாசலில் நின்ற பஞ்சவர்ணம் முந்தானையில் கை துடைத்தபடி சத்தமாகக் கேட்டாள்: "ஏனுங் சூப்பர்வைசரே, பொம்பளக் காலு ஆகாதுங்ளா? பன்னெண்டு வருசமா நின்னு நின்னு பழகுன காலு. நிலாவுலயும் உக்காரச் சொல்ல மாட்டாங்கன்னா எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சவர்ணமும் பழனிமுத்துவும் ஒரே ஊர், மார்டள்ளி. காண்டிராக்டரிடம் சொல்லி அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவள் அவள்தான். அவன் சிரிக்கவில்லை. அளவு கொடுப்பதென்றால் காலைக் காட்ட வேண்டும்.

ஆனால் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கு ஒரு ஜோடி மெல்லிய வெள்ளை சாக்ஸ் கொடுத்தார்கள். கண்ணாடி மிஷின் அழுக்காகாமல் இருக்க அந்த ஏற்பாடு. அவன் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டி வந்தான். மிஷின்மேல் ஏறி நின்றால் ஒரு நீல வெளிச்சம் காலைச் சுற்றி வந்தது. கம்ப்யூட்டரில் சாம்பல் நிறத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன, கோயில் சிலையின் பாதங்கள் மாதிரி மாசு மறுவில்லாமல். தன் காலை அவன் அவ்வளவு அழகாகப் பார்த்ததே இல்லை. அந்த மிஷினுக்குப் புண் தெரியாது, அளவு மட்டும்தான் தெரியும்.

நானூற்றுச் சொச்சம் பேரின் கால்களில் பொருந்தியது அவன் கால்தான். நீளம், விரல் கணுவின் சுற்றளவு, புறங்காலின் உயரம் எல்லாம் ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. டிசைன் இன்ஜினியர் மனிஷா கம்ப்யூட்டர் முன்னால் கைதட்டினாள். இருபத்தாறு வயது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் பேசும் தமிழோடு கன்னடம் பாதி கலந்துதான் அவளுக்குப் பேச்சு வரும்.

"அண்ணா, உங்க காலு தும்பா சென்னாகி இருக்கு!" என்றாள். அவன் காலைப் பார்த்து ரொம்ப நன்றாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு ஃபாரம் நீட்டினாள். இங்கிலீஷில் இருந்ததை அவளே படித்துக் கேட்டாள். "சர்க்கரை வியாதி?"

"இல்லீங்."

"கால்ல ஆபரேஷன் ஏதாவது?"

"இல்லீங்."

"தோல் வியாதி, புண்ணு, இன்ஃபெக்ஷன்?"

"இல்லீங்" என்றான். முந்தைய இரண்டைவிடக் கொஞ்சம் வேகமாக.

மறுநாளிலிருந்து மாடியில் வேலை. ஏ.சி. அறை. தரையில் இருபதடிக்குப் பலகை அடைத்து, கல்லை அரைத்த சாம்பல் நிறப் பொடி கொட்டியிருந்தார்கள். விட்டத்திலிருந்து பட்டைகள் தொங்கின. அக்குளுக்கும் தொடைக்கும் அவற்றை மாட்டி இழுத்தால், அவனுடைய அறுபத்தாறு கிலோவில் ஐம்பத்தைந்தைக் கயிறு வாங்கிக்கொள்ளும். பதினொரு கிலோ பழனிமுத்து மட்டும் தரையில் நடப்பான். நிலாவில் ஆள் அவ்வளவு லேசாகத்தான் இருப்பானாம்.

பூட்ஸை மனிஷாதான் மாட்டிவிட்டாள். வெளியே முரட்டு வெள்ளைத் துணி. அதற்குள் சிகரெட் பெட்டித் தாள் மாதிரி மினுமினுக்கும் தாள் பல அடுக்கு. வெயில் பட்டால் தோசைக்கல்லாகக் கொதித்து, நிழலில் எந்தப் பனியையும்விட உறைகிற மண்ணிலிருந்து பாதத்தைக் காக்க வேண்டும் என்பதால் அத்தனை அடுக்கு. அடியில் வரிவரியான சிலிக்கான் சோல். எல்லாவற்றுக்கும் உள்ளே, காலைத் தொடுகிற இடத்தில், பிறந்த குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி ஒரு வெள்ளை லைனிங். அந்த லைனிங்கைச் சுருக்கமில்லாமல் ஒட்டியது பஞ்சவர்ணம். அவ்வளவு நுணுக்கமாக ஒட்டக்கூடிய கை கம்பெனியில் வேறு யாருக்கும் இல்லை என்று அவளை மட்டும் சாம்பிள் ரூமுக்கு மாற்றியிருந்தார்கள்.

அவன் நாளுக்கு நான்கு மணி நேரம் நடந்தான், குனிந்தான், ஏணி ஏறினான், விழுந்து எழுந்தான். மனிஷா பூட்ஸுக்குள் ஒயர் விட்டு அளந்துகொண்டே இருந்தாள்.

"அண்ணா, ஸ்வல்ப நில்லுங்க. உள்ள ஈரம் எழுபது பர்சென்ட் தாண்டிடுச்சு."

"நடக்கட்டுமுங்ளா?"

"பேடா, வேண்டாம். இதுக்கு மேல ஈரத்துல இருந்தா தோல் ஊறிப் போயிடும். ஊறினா பிளந்துடும். அங்க போய் ஒரு விரல்ல புண்ணு வந்தாக்கூட மொத்த மிஷனுக்கே டேஞ்சர். அதான் எழுபதுன்னு லிமிட்."

"ஆமாங், அது கஷ்டமுங்" என்றான் பழனிமுத்து.

மூன்றாம் நாள் பூட்ஸைக் கழற்றும்போது அது நடந்தது. மனிஷா மூக்கைப் பொத்தவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை. ஃபேன் பக்கமாக அரையடி நகர்ந்து நின்றாள். நகர்ந்துவிட்டுச் சிரித்தாள்.

அந்த அரையடியை அவன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான். மேட்டகள்ளியில் இறங்க வேண்டியவன் அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்தான்.

மறுநாள் விடிகாலையில் அவன் மனைவி கனகா விரலி மஞ்சளை உரசி, தேங்காய் எண்ணெயில் குழைத்து, அவன் விரல் இடுக்குகளில் திட்டமாகப் பூசினாள். ஊரில் நாற்று நடுகிறவர்களுக்குச் சேற்றுப்புண் வந்தால் அதுதான் வைத்தியம்.

"அந்த இன்ஜினியர் புள்ளைட்டச் சொன்னா மருந்து குடுக்காதுங்ளா?" என்றாள்.

"சொன்னா மருந்து குடுக்கும். அப்பறம் என்னயத் தொட்டிக்கே அனுப்பீரும். பேசாம பூசு."

மஞ்சள் வேலை செய்தது. நாற்றம் குறைந்தது. மாடி உலர்வாக இருந்ததால் பிளவுகளும் மெல்ல மூடத் தொடங்கின. சாக்ஸில் மஞ்சள் ஒட்டியதுதான் பிரச்சினை. தினம் குப்பைக் கூடையில் போடச் சொன்னதை, "வீணாப் போகுதுங், நானே தொவச்சுட்டு வந்தர்றேன்" என்று அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து உருவி, பைக்குள் திணித்துக்கொண்டு வந்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று மனிஷா வாரக் குறிப்பில் அவனைப் பாராட்டி எழுதினாள். வீட்டில் கனகா சோப்புப் போட்டதும் மஞ்சள் சாக்ஸ் இரத்தச் சிவப்பாக மாறியது.

"ஏனுங், நெலாவுல யாரையாச்சும் வெட்டீட்டு வந்தீங்ளா?" என்று வாளியைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பத்தாவது நாள் லைனிங்கைப் பிரித்து எடுத்தார்கள். ஐந்து விரல்கள் படிகிற இடத்திலும் விரல் கணுக்களுக்கு அடியிலும் அழகான மஞ்சள் பூத்திருந்தது.

பழனிமுத்து பட்டைகளில் தொங்கியபடி அதைப் பார்த்தான். மனிஷா லைனிங்கை வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தால் சுரண்டினாள். "மெட்டீரியல் மஞ்சளாகுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போட்டோ எடுத்தாள். அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் வாயைத் திறந்தபோது அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது அவளோடு மூன்று பேர் இருந்தார்கள். நான்கு பேர் முன்னால் அவன் வாய் மூடிக்கொண்டது.

இரண்டு நாளில் அது 'மஞ்சளாதல் நிகழ்வு' ஆகிவிட்டது. வெப்பமும் வியர்வையும் சேர்ந்தால் ஒட்டும் சொல்யூஷன் சிதைகிறது என்று ஒரு கட்சி. துணியில் குறை என்று இன்னொரு கட்சி. ஏழு பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் தயாரானது. நடுவில் அவனுடைய பாதத்தின் வரைபடம். மஞ்சள் கண்ட இடங்களுக்கு ஏ, பி, சி என்று பெயர். பெங்களூரிலிருந்து ஆர்டர் கொடுத்தவர்கள் சார்பில் இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள்.

சாம்பிள் ரூமில் எல்லாரும் கூடினார்கள். பூட்ஸ் போட்டு நடந்தவன் என்பதால் பழனிமுத்துவையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ஒட்டியவள் என்பதால் பஞ்சவர்ணத்தையும் கூப்பிட்டார்கள். கறையை எடுத்துப் பார்க்கலாம் என்று மனிஷா பஞ்சைச் சோப்புக் கரைசலில் தோய்த்து லைனிங்கில் ஒற்றினாள். மஞ்சள் பளிச்சென்று சிவந்தது.

எல்லாரும் குனிந்தார்கள். பெங்களூர்க்காரர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார். இன்னொருவர் இதுவரை இப்படிப் பார்த்ததில்லை என்றார். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாருமே கல்யாணத்தன்று மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரில் ஆரத்தி எடுக்கப்பட்டவர்கள்தான். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மனிஷா குறிப்பேட்டில் 'காரத்தில் நிறமாற்றம்' என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

பஞ்சவர்ணத்துக்கு மட்டும் தோன்றியது. சிவப்பைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, பழனிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல், நேராக அவன் கால்களைப் பார்த்தாள். அவன் வலது பாதம் தன்னாலே இடது பாதத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

"பஞ்சவர்ணம், நீ என்ன சொல்யூஷன் போட்ட?" என்று மேனேஜர் கேட்டார்.

"குடுத்த டப்பாவுல இருந்துதாங் போட்டேன்."

"டப்பாவுல தேதியே இல்ல. லேபிள் அழிஞ்சிருக்கு. பழைய ஸ்டாக்க எடுத்தியா?"

"ஸ்டோர்ல குடுத்ததுங்க."

"வேற ஏதாவது கலந்தியா? இதப் பத்தி உனக்கு என்ன தெரியும், சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். பழனிமுத்து கண்களைத் தாழ்த்திக்கொண்டான். இப்போது சொல்லிவிடுவாள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், சாக்ஸைக் கழற்றச் சொல்வார்கள். காதுமடல் கொதித்தது. பெங்களூர்க்காரர்களின் பளபளப்பான ஷூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

சொல்யூஷன்தான் காரணம் என்று முடிவானது. புது சொல்யூஷன் வாங்கலாம், கவனக்குறைவாக இருந்த ஆளை நீக்கிவிடலாம் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சேர்த்தார்கள். பெங்களூர்க்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டு சாயங்காலமே கிளம்பினார்கள்.

கேன்டீன் பின்புறத்துக் குழாயடியில் பஞ்சவர்ணம் சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பழனிமுத்து பக்கத்தில் போய் நின்றான்.

"அக்கா."

"ம்."

"என்ன சொன்னாங்க?"

"நாளையிலிருந்து வர வேண்டாமாம். காண்டிராக்டர் போன் பண்ணீட்டாரு." போசியைக் கவிழ்த்து உதறினாள். "ஏந் தம்பி, இனி மஞ்ச பூசாத. வெள்ளத் துணியில மஞ்ச பூசலாமா? சுண்ணாம்பு பூசு. வெள்ளையில வெள்ள தெரியாது."

அவனுக்குச் சிரிக்க வரவில்லை. "நீங்க சொல்லீருக்கலாமுல்லோ?"

"என்னன்னு? இந்தாளு காலு அழுகிப் போச்சுங்கன்னா? அத்தன ஆம்பளைங்க முன்னால?" என்றாள். "நீ நின்ன நெலய நாம் பாத்தனே. பஸ் ஸ்டாண்டுல துணி இல்லாம நிக்கறவனாட்டம் நின்னே. எப்படிச் சொல்லறது?"

"நாளைக்கு நாஞ் சொல்லீர்றேங்க்கா."

"சொல்லி?"

"உங்களத் திரும்ப எடுப்பாங்க."

"எடுப்பாங்க எடுப்பாங்க" என்று அவள் போசியைப் பைக்குள் வைத்தாள். "மொதல்ல உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லி மஞ்சளக் கொஞ்சம் கொறச்சுப் போடச் சொல்லு. கொழம்புக்கு மிஞ்சுமா இல்லியா?"

மறுநாள் காலையில் பழனிமுத்து பட்டையை மாட்டிக்கொள்ளவில்லை. மனிஷாவின் மேஜை முன்னால் போய் நின்றான். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான். கீழே குனிந்து, இரண்டு சாக்ஸையும் உருவி, காலைத் தரையில் வைத்தான்.

அவள் முதலில் மஞ்சளைப் பார்த்தாள். அப்புறம்தான் மற்றதைப் பார்த்தாள்.

"அய்யோ, ஆரத்தி" என்றாள் பிறகு, மிக மெதுவாக. நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "எங்கம்மா பார்த்திருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க."

"தப்பு என்னுதுங். அக்கா ஒண்ணும் பண்ணலீங்."

"இது எப்படி ஆச்சு அண்ணா?"

"தண்ணியில நிக்கறதுங்."

"பூட்ஸ் குடுக்கறாங்களே?"

"குடுக்கறாங்க. ஓட்டப் பூட்ஸுங்."

அவள் மேஜைமேல் அவன் கால்களின் சாம்பல் நிறப் படம் ஒட்டிய ரிப்போர்ட் கிடந்தது. அவள் அதை மூடிக் கவிழ்த்து வைத்தாள். அவன் அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் முகமும் சிவந்திருந்தது.

அவளே அவனை மேனேஜர் அறைக்குக் கூட்டிப் போனாள். மேனேஜர் எழுந்து வந்து பார்த்தார். இரண்டடி தூரத்தில் நின்றுதான் பார்த்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பிப் போய், மேஜைமேல் இருந்த சானிடைசரைக் கையில் தடவிக்கொண்டார். அவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

"நோடு பழனிமுத்து, நீ நேர்மையான ஆளு. அதுல சந்தேகமில்ல" என்றார். "ஆனா ரிப்போர்ட் போயிடுச்சு. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப நான் காலுன்னு எழுதினா, கால் ஏன் இப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. தொட்டியப் பார்க்கணும்பாங்க. அப்பறம் உள்நாட்டு ஆர்டர், வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் என்ன ஆகறது? ஒரு மஞ்சளுக்காக நானூறு பேர் வேலைய நான் ஆட்டிப் பார்க்க முடியுமா?"

"சார், பஞ்சவர்ணம்..." என்றாள் மனிஷா.

"நோடோணா."

கன்னடத்தில் பார்க்கலாம் என்று பொருள். அந்தக் கம்பெனியில் அதற்கு என்ன பொருள் என்பது கன்னடம் தெரியாதவர்களுக்கும் தெரியும். மனிஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப நானுங்?" என்றான் பழனிமுத்து.

"நீ தொட்டிக்குப் போ. உன் காலோட அளவெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கில்ல? அதுலயே பிளாஸ்டிக் கால் செஞ்சுக்கலாம். அதுக்கு வேர்க்காது." கொஞ்சம் யோசித்து, "மஞ்சளும் பூசிக்காது" என்றார். அது நகைச்சுவை என்பதால் பழனிமுத்துவும் சிரித்து வைத்தான்.

படியிறங்கித் தொட்டிப் பிரிவுக்குப் போனதும் கெம்பையன் ஸ்டோரிலிருந்து ஒரு ஜோடி கம்பூட்ஸ் எடுத்து வந்து அவன் முன்னால் போட்டார். இடது பூட்ஸின் குதிகாலில் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறி இன்னும் அழியாமல் இருந்தது. ஓட்டை அங்கே என்று பொருள். "பாத்து மாட்டு" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரு புதுத் தாள் ஒட்டினார்கள். பொருள்களின் தரத்தைக் காக்கும் பொருட்டு, கால்களில் மஞ்சள் முதலிய வண்ணப் பொருள்கள் பூசியிருக்கும் ஊழியர்கள் நாளை முதல் உள்ளே அனுமதிக்கப்பட மாட்டார்கள். வாசலில் சோதனை உண்டு. பழனிமுத்து அதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பின்னால் ஒருத்தி, "யாரு பூசுனது, யாரால வந்த வெனை?" என்று கேட்டாள். அவன் கூட்டத்திலிருந்து நழுவினான்.

வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்து, பூ வைத்து, காலுக்கு மஞ்சள் பூசி வந்த பெண்கள் கேட்டுக்கு வெளியே தெருக்குழாயடியில் வரிசையாக நின்றார்கள். ஒரே சோப்பைக் கைமாற்றி, ஆளுக்கு ஆள் குனிந்து பாதங்களைத் தேய்த்தார்கள். சங்கு ஊதுவதற்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. சிலர் கல்லில் வைத்து உரசினார்கள். சாக்கடையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா எழவுக்குப் போறவளாட்டம் போகச் சொல்றானுங்க" என்றாள் ஒருத்தி.

"எந்த மூதேவி பூசித் தொலைச்சுதோ" என்றாள் இன்னொருத்தி. யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி அன்று வரிசையில் இல்லை.

கேட்டுக்கு உள்ளே ஒரு மர ஸ்டூல் போட்டிருந்தார்கள். செக்யூரிட்டி தொட்டையன் கையில் டார்ச்சோடு குந்தியிருந்தார். ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றி, ஒரு பாதத்தை ஸ்டூலில் தூக்கி வைத்து, விரல்களை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அவர் இடுக்கு இடுக்காக வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

தொட்டிப் பிரிவு முறை வந்தது. முன்னால் நின்றவனை, பஸ்ஸில் தினம் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற அந்த ஆளை, பழனிமுத்து கவனித்தான். அவன் செருப்பைக் கழற்றியதும் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தான். அவனுக்கு முன்னால் இருந்த சக்தியும் அப்படித்தான் நின்றான். அதற்கு முன்னால் நின்ற நஞ்சம்மா சேலைக் கொசுவத்தை இழுத்துவிட்டுப் பாதங்களை மூடிக்கொண்டிருந்தாள். பதினொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

நஞ்சம்மா ஸ்டூலில் பாதத்தை வைத்தாள். விரல்களை விரிக்க முடியாமல் கையால் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வெளுத்து, ஊறி, நடுவில் சிவப்பாகப் பிளந்த இடுக்குகளுக்குள் டார்ச் வெளிச்சம் போய் நின்றது. தொட்டையன் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆனாலும் வேலையில் சுத்தமானவர். நான்கு இடுக்கையும் பார்த்து முடித்தார்.

"மஞ்சள் இல்ல" என்றார். "போம்மா. அடுத்தவங்க வாங்க."